அரைப் பல் பாக்கி

மாட்டுக்கு அச்சடித்த சீட்டு.
கன்று ஈன்ற தேதி, கறவை அளவு,
கடைசியாய்ச் சினைக்கு விட்டது எப்போது,
எல்லாவற்றிலும் ஒரு கோடு இழுத்துவிட்டு
இனம் என்ற இடத்தில் எழுதினேன்:
பேத்தை.
உரிமையாளர் பெயர்?
அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

உப்பளத்தில் இருக்கிறது எங்கள் மீன்காட்சியகம்.
பேர்தான் உப்பளம்.
கூப்பிடு தூரத்தில் கடல்; அதில் டீசல் மிதக்கிறதென்று
மூட்டை உப்பு வாங்கி, குழாய்த் தண்ணீரில் கொட்டி
அந்துவான் அண்ணன் துடுப்புக் கட்டையால் கலக்குவார்.
கருவி முப்பத்திமூன்று காட்டினால் கடல்.
முப்பது என்றால் இன்னும் அரை மூட்டை.

கண்ணாடிக்குள் பவளம் இல்லை, சங்கு இல்லை.
கடித்து உடைக்க எதுவுமற்ற வீட்டில்
பேத்தைக்குப் பல் வளர்ந்துகொண்டே போகும்.
மேலே இரண்டு, கீழே இரண்டு,
கிளியலகாய் ஒட்டி வளைந்து
வாயைப் பூட்டிவிட்டது.
பதினோரு நாளாய் இறாலிடம் வருகிறது,
முட்டுகிறது,
திரும்பிப் போகிறது.

டாக்டர் வகிதா காலையிலேயே கடலூர் போய்விட்டார்.
தாழங்குடாவில் ஆமை ஒதுங்கியிருக்கிறதாம், உயிரோடு.
"நீயே செய் பூவரசி. போனில் இருக்கிறேன்."
போனில் காற்றுதான் இருந்தது.

வீராம்பட்டினத்தில் எங்கள் வலையில் ஏறினால்
அப்பா குனியக்கூட மாட்டார்,
காலாலேயே தள்ளிவிடுவார்.
தின்ன ஆகாது, விற்க ஆகாது, தொட்டால் ஊதும்.
அதற்குத்தான் நேற்று
பெரிய மார்க்கெட் நாட்டு மருந்துக் கடையில் நின்று
கிராம்புத் தைலம் கேட்டேன்.
கலப்படம் இல்லாதது, என்று இரண்டு முறை.

வாளிக்குள் மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது.
செவுள் மூடியை எண்ணினேன்:
எண்பது, அறுபது, முப்பத்தெட்டு.
ஈரத்துணியில் ஏந்தி வட்டரத்தைச் சுழலவிட்டேன்.
அடுத்த வகுப்பில் யாரோ சிலேட்டைத் தேய்ப்பதுபோல் சத்தம்.
வெள்ளைத் தூள். கிராம்பு வாசம்.
மேலே இரண்டும் முடிந்தது. கீழே ஒன்று.
இன்னொன்றின் பாதியில்
எண்ண ஏதுமில்லை.

பசு விழுந்தால் என்ன செய்வதென்று
நான்கு வருடம் படித்திருக்கிறேன்.
கை தானாக விலாவைத் தேடிற்று.
விலா எங்கே இதற்கு?
நல்ல தண்ணீர்த் தொட்டியில் இறக்கி
இரண்டு கையாலும் பிடித்து முன்னால் தள்ளினேன்.
முன்னால் மட்டும்.
பின்னால் இழுத்தால் செவுள் மடங்கிவிடும்.
அதனால் வட்டம். தொட்டியைச் சுற்றிச் சுற்றி
நான் வெளியே நடக்க அது உள்ளே நடந்தது.
அந்துவான் அண்ணன் கடிகாரம் பார்த்தார்,
பிறகு பார்ப்பதை விட்டார்.
சுவருக்கு அந்தப்பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
சுறா எங்கே சுறா எங்கே என்று
கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கட்டைவிரலுக்கடியில் ஒரு கதவு திறந்தது.
மூடிற்று.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
மறுபடி திறந்தது.
ஒரு கண் என்பக்கம் உருண்டு, யாரென்று பார்த்து,
அடுத்த நொடி தண்ணீரை இழுத்து
உடம்பெல்லாம் முள்ளாய் ஊதிக்கொண்டது.
ஊது, என்றேன். இன்னும் ஊது.

ஆறு மணிக்கு டாக்டர் பேசினார்.
ஆமை இல்லை.
"உன்னுடையது?"
"கோபமாய் இருக்கிறது மேடம்."
கொஞ்சம் சிரித்தார், மூக்கை உறிஞ்சினார்.

சீட்டு நனைந்து ஒட்டியிருந்தது. பிரித்து,
கறவை அளவுக்கு நேரே இழுத்த கோட்டின் மேல் எழுதினேன்:
ஒரு இறாலில் பாதி.
உரிமையாளர் இன்னும் காலி.

வீராம்பட்டினம் பஸ்ஸில்
நான் கம்பியைப் பிடித்ததும் ஒரு அம்மா நிமிர்ந்தாள்.
"பல்வலியா பாப்பா? கிராம்பு மணக்குது."
"ஆமாங்க."
"புடுங்கியாச்சா?"
"அராவியாச்சு. அரைப் பல் பாக்கி."
ஐயோ பாவம், என்று நகர்ந்து இடம் விட்டாள்.
உட்கார்ந்த பிறகுதான்
கால் நடுங்குவது தெரிந்தது.